சுண்டிப் பார்த்தால் போதாது

கரிகிரிப் பாண்டம் வாங்குகிறவர்கள் முதலில் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல். வேலூரை அடுத்த அந்த ஊரின் பளபளக்கும் ஜாடியோ, பேரிங் குண்டுகள் செய்யப் பயன்படும் சிலிக்கான் நைட்ரைடு என்ற நவீனப் பீங்கானோ, பீங்கான் இனத்துக்கு வியாதி ஒன்றுதான். அழுத்தினால் அசராது, இழுத்தால் நொறுங்கிவிடும். இதற்கு மருந்தாகக் கிராபீன் என்ற மெல்லிய கரித்தாளைக் கலந்து பார்க்கிறார்கள்.

விரிசலின் கூர்முனையில் விசை குவிகிறது. கிரிஃபித் என்ற பொறியாளர் 1921-இலேயே கண்ணாடியை வைத்து இதை விளக்கினார். இரும்பில் அணு அடுக்குகள் சற்று நழுவி அந்த முனையை மழுங்கடித்துவிடும். பீங்கானில் நழுவ வழியில்லை; விரிசல் ஒரே ஓட்டமாக ஓடிவிடும்.

எங்கள் பாட்டி வீடு குடியாத்தம் பக்கம். மண்சுவர், சேற்றில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்து எழுப்பியது. அதில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. உள்ளே எட்டிப் பார்த்தால், இரு கரையையும் பிடித்தபடி வைக்கோல் துணுக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெடிப்பு இருந்தது, சுவர் விழவில்லை.

பீங்கானுக்குள் கிராபீன் பார்ப்பது ஏறக்குறைய இந்த வைக்கோலின் வேலைதான். பென்சில் முனையில் இருக்கிற கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கு அது. ஓர் அணு கனமே உள்ள தாள். 2004-இல் பிரித்தெடுத்தார்கள். 2008-இல் அளந்தபோது அதன் வலிமை சுமார் 130 கிகாபாஸ்கல். 2011-இல் சிலிக்கான் நைட்ரைடில் கன அளவில் வெறும் 1.5 சதவீதம் கலந்து பார்த்தார்கள். விரிசலை எதிர்க்கும் திறன் ஏறத்தாழ 2.8-இலிருந்து 6.6 மெகாபாஸ்கல் √மீட்டருக்கு (அந்தத் திறனை அளக்கும் அலகு) உயர்ந்தது, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

இவ்வளவு வலிமையான பொருளைச் சேர்த்தால் உயராமல் என்ன என்று தோன்றும். விஷயம் அதுவல்ல. கிராபீன் பீங்கானோடு இறுகப் பிணைந்துவிட்டால் விரிசல் அதையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போய்விடும். பிடி சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் தாள் மெல்ல உருவிக்கொண்டு வரும். அந்த உராய்விலேயே விரிசலின் ஆற்றல் கரையும். சில இடங்களில் விரிசல் தாளைத் துளைக்க முடியாமல் திசை மாறி, வளைந்து நெளிந்து போகும். வழி நீள நீளச் செலவும் கூடும்.

ஆனால் விரிசலைத் தாங்குவது வேறு, வலிமை வேறு. தாள்கள் பரவாமல் கட்டி தட்டிவிட்டால் அந்தக் கட்டியே புதிய விரிசலின் பிறப்பிடம்; வலிமை இறங்கிவிடும். அதிகம் போட்டால் அதிகப் பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது. குயவர் சூளையில் சுட்டால் காற்றுபட்டு கிராபீன் எரிந்துபோகும். அதனால் வெற்றிடத்தில், மின்துடிப்பு செலுத்தி, 1650 டிகிரியில் சில நிமிடங்களில் சுட்டெடுக்கிறார்கள்.

அளக்கும் முறையிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வைர முனையால் பள்ளம் பதித்து, மூலைகளில் கிளம்பும் விரிசலின் நீளத்தைக் கொண்டு கணக்கிடுவது சுலபம். பல ஆய்வுகளில் அதைத்தான் செய்கிறார்கள். அந்த எண்ணைவிட, சிறு கட்டையில் கீறலிட்டு வளைத்து முறித்துப் பெற்ற எண்ணைத்தான் நான் நம்புவேன்.