சம்பா மூழ்கினால்: நிவாரணம் வேறு, காப்பீடு வேறு

ஐப்பசி அடைமழையில் வயல் மூழ்கினால் டெல்டா விவசாயிக்கு வரக்கூடிய பணம் இரண்டு வகை. ஒன்று விதை, உரம் போன்ற செலவுக்கு அரசு தரும் இடுபொருள் நிவாரணம். மற்றது பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் இழப்பீடு. ஒன்று கிடைத்தால் மற்றது கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

நிவாரணத்துக்குப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்குச் சுமார் 6,880. உச்சவரம்பு 2 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 5 ஏக்கர் (டெல்டா கணக்கில் 15 மா). மாநில அரசு கூட்டியும் தரலாம். 2023 பிப்ரவரி மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 என அறிவித்தது.

கணக்கெடுக்க கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறை அலுவலரும் வருவார்கள். தண்ணீர் வடிந்த வயல் தூரத்துப் பார்வைக்குப் பச்சையாகத்தான் தெரியும். உள்ளே இறங்கி, அழுகிய தூரைப் பிடுங்கிக் காட்டுங்கள். தை மாத மழையென்றால் சாய்ந்த கதிரில் முளைவிட்ட மணிகளைக் காட்டுங்கள். மூழ்கிய அன்றே தேதியோடு படம் எடுத்து வைப்பது நல்லது. ஆனால் அலுவலர் வரட்டும் என்று வடிகாலை வெட்டாமல் இருக்காதீர்கள்; மிஞ்சிய பயிரும் போய்விடும்.

காப்பீட்டின் கணக்கு வேறு. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், 36,000 ரூபாய்க்கு 540. கடன் வாங்கியவருக்கும் 2020 முதல் இது கட்டாயமில்லை, அதனால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருக்கிறது என்பதற்காகப் பதிவாகியிருக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. மகசூல் இழப்பை உங்கள் வயலை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்தில் சில வயல்களில் மாதிரிக்கு அறுத்து எடைபோடும் அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரியை உத்தரவாத மகசூலோடு (முந்தைய ஆண்டுகளின் விளைச்சலை வைத்து நிர்ணயித்த அளவு) ஒப்பிடுவார்கள். உத்தரவாதம் 2,000 கிலோ, கிடைத்தது 1,500 என்றால் இழப்பீடு காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம். பள்ளக்கால் வயல் முழுதும் போயும் ஊர்ச் சராசரி தேறிவிட்டால் இந்தக் கணக்கில் ஒன்றும் வராது. விவசாயிகளின் மனக்குறை பெரும்பாலும் இங்கேதான்.

அறுத்து வயலிலேயே காயப் போட்ட நெல் மழையில் நனைந்தால் தனி வயலுக்கே இழப்பீடு உண்டு. அறுத்த 14 நாளுக்குள் நனைந்திருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் சொல்ல வேண்டும். கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல்லுக்கு இது பொருந்தாது.

நிவாரணம், காப்பீடு இரண்டுக்கும் ஆதாரம் சாகுபடி அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் கிராமக் கணக்கு. கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ குத்தகைக்குச் செய்பவர்கள் அதில் தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று நடவு முடிந்ததுமே பார்த்துவிட வேண்டும். காப்பீட்டு ரசீதை வாங்கியவுடன், இ-சேவை மையத்தை விட்டு நகரும் முன், ஊர்ப் பெயர், வங்கிக் கணக்கு எண், சர்வே எண் மூன்றையும் சரிபாருங்கள். 112/2ஏ என்பது வெறும் 112/2 ஆகியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பதிவுக் கெடு முடிந்தபின் திருத்துவது பெரும்பாடு.