அணிலிடம் கேட்ட பல் ஏன் இன்னும் வரவில்லை?

எட்டு வயது மகனின் நாடியை வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர் கேட்கிறார்: "மேல் முன்பல்லு விழுந்து ஒரு வருசமாச்சு. கூரையில எறிஞ்சு அணிலிட்டயும் கேட்டாச்சு. மற்றப் பக்கம் வந்திட்டுது, இந்தப் பக்கம் மட்டும் ஏன் முளைக்கேல்லை?"

கவனித்துக் கேட்ட கேள்வி இது. வாயின் இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும். ஒரு பக்கம் வந்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் வராவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

முரசைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிவது பல்லின் கதையில் பிந்திய கட்டம். கரு ஆறு வாரமாக இருக்கும்போதே தாடையில் மெல்லிய பட்டி ஒன்று தோன்றி, அதில் பல்மொட்டுகள் அரும்புகின்றன. மொட்டு தொப்பியாகி, தொப்பி மணி வடிவாகி, பிறகுதான் கனிமம் படிகிறது. மொட்டு அரும்பாவிட்டால் அந்தப் பல்லே இல்லை. ஒன்று கூட அரும்பினால் மிகைப்பல். மணி சிறுத்துவிட்டால் முளைக்குச்சி போன்ற கூம்புப்பல். பெரும்பாலும் இது பரம்பரையில் வருவது. கர்ப்பகாலத்தில் தாய் எதைச் சாப்பிட்டார் என்று குடும்பத்தில் விசாரணை வைக்கத் தேவையில்லை. மேற்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்பதையும் விட்டுவிடலாம்.

இது எவ்வளவு சாதாரணம்? ஞானப்பல்லைக் கணக்கில் எடுக்காமலே, உலக அளவில் நூறு பேரில் ஆறு பேருக்கு நிலையான பல் ஒன்றாவது பிறவியிலேயே இல்லை. பெண்பிள்ளைகளில் இது சற்று அதிகம். கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லும் மேல் பக்கவாட்டு வெட்டும்பல்லும்தான் அதிகம் விடுபடுகின்றன. மிகைப்பல் நூறில் ஒன்று முதல் மூன்று பேர் வரை. ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பல் குறைவாக இருக்கலாம், அவர்களுக்கே தெரியாமல். விழவேண்டிய பாற்பல் பன்னிரண்டு வயதிலும் உறுதியாக நின்றால் மகிழ்ந்துவிடாதீர்கள், அதற்குக் கீழே பல் இல்லாமலும் இருக்கலாம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதோடு நின்றால் இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் கணக்கில் வராமல் போகலாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொன்று. ஆறு வயதில், எந்தப் பாற்பல்லும் விழாமல், எல்லாவற்றுக்கும் பின்னால் சத்தமில்லாமல் வரும் நிலையான முதல் கடைவாய்ப்பல். அதையும் பாற்பல் என்று நினைத்து விட்டுவிடுகிற வீடுகள் ஏராளம். அதன் எனாமல், அதாவது பல்லின் கடினமான வெளிப்படை, படியத் தொடங்குவது பிறப்பை ஒட்டிய நாட்களில். எனாமலைச் செய்யும் கலங்கள் பல் வெளிவருமுன்பே மறைந்துவிடும். பிழை நேர்ந்தால் திருத்த யாருமில்லை. முதல் மூன்று வயதுக்குள் அந்தக் கலங்களின் வேலை குழம்பினால் அந்த இடம் மென்மையாகவே நின்றுவிடுகிறது. அடிக்கடி வந்த காய்ச்சல், நெஞ்சுச்சளி போன்ற நோய்களோடு தொடர்பு காணப்பட்டாலும், ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. உலகில் எட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு இது உண்டு.

கிட்டப் பார்த்தால் வெள்ளை, மஞ்சள் அல்லது மண்ணிறத் திட்டு, விளிம்பு கோடு கீறியதுபோலத் தெளிவாக இருக்கும். அனுராதபுரம் பக்கத்தில் புளோரைட்டு கூடிய கிணற்றுநீரால் வரும் கறை இப்படியல்ல. அது பல பற்களில் இருபக்கமும் ஒத்து, விளிம்பு மங்கிப் பரவும். இந்தத் திட்டுள்ள பல் குளிர்தண்ணி பட்டாலே கூசும். பிள்ளை அந்த இடத்தில் பிரஷ் படவிடாது, சூத்தை விரைவில் பிடிக்கும். விறைப்பூசி போட்டாலும் சிலவேளை சரியாக விறைக்காது. "பல்லு தீட்டப் பஞ்சி" என்று அந்தப் பிள்ளையை ஏசுவது அநியாயம்.

அந்தத் தாயின் கேள்விக்கு எக்ஸ்ரேயில் இரண்டு விடை வரலாம். பல்லே இல்லாதிருக்கலாம். அல்லது மேல்முன்பல்லின் வழியை மறித்துக்கொண்டு சிறிய கூம்புப்பல் ஒன்று எலும்புக்குள் கிடக்கலாம். அதை நேரத்தோடு எடுத்தால் உள்ளே காத்திருக்கும் பல் பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். பிந்தினால் அதில் கம்பி பூட்டி மெல்ல மெல்ல இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கும்.