கரிசலில் சுண்ணாம்பைத் தூவினால் போதாது

கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதும் குழிக்குள் இரண்டு மூட்டை சுண்ணாம்பைத் தூவிவிட்டு, மண் கெட்டியாகிவிடும் என்று நம்புகிறார்கள். ஆகாது. சுண்ணாம்பு களிமண்ணுக்குள் தானாக ஊர்ந்து போகாது. விழுந்த இடத்தைச் சுற்றிச் சில சென்டிமீட்டர்தான் அதன் ஆட்சி. கட்டடத்தின் பாரத்தைத் தாங்க அண்டர்ரீம்டு பைல் (அடியில் குமிழ்போல் அகன்ற, ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்) பக்கம் போங்கள். தரைத்தளம், முற்றம், வண்டிப்பாதை இவற்றுக்குத்தான் சுண்ணாம்பு.

கரிசல் பொருமக் காரணம் மான்ட்மொரில்லோனைட் என்னும் கனிமம். அதன் மெல்லிய தாள்களுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் உப்பும். சுண்ணாம்பின் கால்சியம் அங்கிருக்கும் சோடியத்தை விரட்டியதும் துகள்கள் திரண்டு, சில மணி நேரத்தில் மண் கையில் ஒட்டாமல் பொலபொலக்கும். பலர் இதையே வெற்றி என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான பலம் பிறகுதான் வரும்: காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 12.4இல் நின்றால் களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து சிமென்ட் போன்ற பசையாகும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

எவ்வளவு போடுவது? 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 25 கிராம் வீதம் ஐந்தாறு பாட்டிலில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவாக மண் எடையில் 2 முதல் 8 சதவீதம் வரை சுண்ணாம்பு, 100 மில்லி காய்ச்சி வடித்த நீர் சேருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்குங்கள். பிஎச் 12.4 தொடும் மிகக் குறைந்த அளவே தொடக்க அளவு. 5 சதவீதம் என்று வந்தால் 100 கனஅடி மண்ணுக்குச் சுமார் 210 கிலோ. இரண்டு மூட்டை எந்த மூலைக்கு?

பாளங்களை 25 மி.மீ.க்குள் உடைத்து, கலந்து நனைத்து, ஒரு நாள் மூடி வையுங்கள். மறுநாள் மீண்டும் கிளறி, 15 செ.மீ. அடுக்காக இறுக்கி, ஏழு நாள் ஈரம் காயாமல் பாருங்கள்.

பழைய சுண்ணாம்பு வாங்காதீர்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டதும் புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கினால், காற்றுப் பட்டுப் பெரும்பகுதி கார்பனேட்டாகிவிட்டது, வேலைக்கு ஆகாது. மண்ணே நுரைத்தால் பயப்பட வேண்டாம், கரிசலில் ஓடைக்கல் என்னும் சுண்ணாம்புக்கல் கட்டிகள் இருக்கும்.

பயப்பட வேண்டியது ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட்டுக்கு. சல்பேட் உள்ள மண்ணில் சுண்ணாம்பு சேர்ந்தால் எட்ரிங்கைட் என்னும் ஊசிப் படிகம் வளர்ந்து தரையையே தூக்கும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் 1975இல் சுண்ணாம்பிட்டுப் போட்ட ஸ்டூவர்ட் அவென்யூ சாலை இப்படித்தான் பொருமிப் பிளந்தது. மண்ணைக் கரைத்து வடிகட்டிய நீரில் அதே அமிலத்தையும் பேரியம் குளோரைடையும் விடுங்கள். வெள்ளையாகத் திரண்டால் சல்பேட் எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளக்கும்வரை சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்காதீர்கள்.