தைராய்டு புற்றுநோயும் காப்பீட்டு அட்டையும்: ஆபரேஷனோடு முடியாத அலைச்சல்

2020 ஊரடங்கில் எங்கள் தெரு டெய்லர் அக்காவுக்குக் கழுத்தில் கட்டி. ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்ததில் பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய். "இது மெதுவாத்தான் வளரும், கொஞ்ச நாள் தள்ளினா ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். அது உண்மைதான். ஆனால் அந்தக் கொஞ்ச நாள் முழுவதும் காப்பீட்டு அட்டைக்குத் தேவையான வருமானச் சான்றுக்கே போனது. வி.ஏ.ஓ. கொரோனா டியூட்டியில், தாலுகா ஆபீசில் "அடுத்த வாரம் வாங்க".

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமான வரம்பு அப்போது ஆண்டுக்கு 72,000. 2022-இல் 1,20,000 ஆனது. இது போதும், சிக்கலுக்கு வருவோம்.

ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் அம்மா வீட்டுக் கார்டிலேயே கிடக்கும். கலெக்டர் ஆபீசில் காப்பீட்டு அட்டை எடுக்கப் போய் நிற்கும்போதுதான் அது தெரியவரும். பெயரை மாற்றிவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஆபரேஷன் தேதி தாண்டிவிடும்.

அட்டை கைக்கு வருமுன் "இப்ப பணம் கட்டுங்க, அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்று சொன்னால் கட்டாதீர்கள். ஆஸ்பத்திரி முதலில் முன் அனுமதி வாங்க வேண்டும், காப்பீடு நேராக அவர்களுக்குப் பணம் தரும். நாம் கட்டியதைத் திருப்பித் தரும் திட்டம் இல்லை இது. கொரோனா பாசிட்டிவ் வந்து ஆபரேஷன் தள்ளிப்போனால், பழைய அனுமதி செல்லுமா, புதிதாக வாங்க வேண்டுமா என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேட்டுவிட்டே வீட்டுக்குக் கிளம்புங்கள்.

திட்டத்தின் பட்டியலில் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. தைராய்டை எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கப் பலருக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள். அந்த வசதி சில ஆஸ்பத்திரிகளில்தான் உண்டு. "ஆபரேஷன் இங்கே, அயோடின் எங்கே? அங்கே இந்த அட்டை செல்லுமா?" என்று கத்தி வைக்கும் முன்பே கேளுங்கள். அக்காவிடம் தையல் பிரித்த அன்றுதான் "அது இங்க இல்லைம்மா" என்றார்கள்.

அயோடின் மருந்தின் வீரியம் 8 நாளில் பாதியாகிவிடும். உங்களுக்கென்று வரவழைத்த பிறகு காய்ச்சல் வந்தால் அது வீண். அதனால் அயோடின் கொடுப்பதற்கு முந்தைய ஒரு வாரம் கூட்டத்துக்குப் போகாதீர்கள். இன்னொன்று: கொரோனாவுக்குப் பயந்து பலர் தினமும் பீட்டாடினால் வாய் கொப்பளித்தார்கள். அதில் அயோடின் இருக்கிறது; உடம்பில் ஏற்கெனவே அயோடின் நிறைந்திருந்தால் சிகிச்சை சரியாகப் பிடிக்காது. சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனும் அப்படித்தான். இரண்டில் எது நடந்திருந்தாலும் அயோடின் கொடுக்கும் அணு மருத்துவ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எடுத்த தைராய்டுக்குப் பதிலாக ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய தைராக்ஸின் மாத்திரைக்கு இந்த அட்டையை நம்பாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு வாங்குங்கள். ஊரடங்கு நேரமென்றால் ஒரு மாதத்துக்கு மேல் கேட்டு வாங்கி வையுங்கள். பஸ் ஓடாத நாளில் தினசரி மாத்திரை நின்றுபோகக் கூடாது.

யாராவது அலைக்கழித்தால் 1800 425 3993, கட்டணமில்லா எண். பேசியவர் பெயர், தேதி, என்ன சொன்னார் என்பதை அட்டை ஜெராக்ஸின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அக்கா அப்படி எழுதிக்கொண்டு போன பிறகுதான் காப்பீட்டுக் கவுண்டரில் அவரை உட்காரச் சொன்னார்கள்.