வெயில் ரோட்டில் விழட்டும், அப்புறம் கிளம்புங்கள்

போன ஐப்பசியில் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. லடாக் போய்த் திரும்பிய 350 சிசி வண்டி. ஓட்டிப் போனவன் தேவகோட்டைப் பையன். வண்டி ரயில் பார்சலில் சாக்கு சுற்றி வந்து இறங்கியது. அவன் காறை எலும்பு முறிந்து, தோளில் பட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றான். கூடவே அவன் அப்பத்தா. "இதை வித்துப்புடுப்பா, திரும்ப வீட்டுக்குக் கொண்டாராதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரைக்குடியில் 22 வருஷமாக டூவீலர் மெக்கானிக் வேலை பார்க்கிறேன். விழுந்த வண்டியைப் பார்த்தால் அது எப்படி விழுந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். நம் பக்கத்துச் சரளையில் விழுந்த வண்டி என்றால் கிராஷ் கார்டில் கோடு கோடாக ஆழமான கீறல் இருக்கும். கீறலுக்குள் செம்மண் அப்பியிருக்கும். இந்த வண்டியில் அப்படி ஒன்றும் இல்லை. பெயின்ட் கூடச் சரியாக உரியவில்லை. ஆனால் கார்டில் ஒரே ஒரு இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, பலமான நசுங்கல். கிளட்ச் லீவர் பாதியில் ஒடிந்திருந்தது. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வண்டி படுத்த பிறகு ரோடு அதைப் பிடித்து நிறுத்தவே இல்லை. தட்டைத் தள்ளிவிட்ட மாதிரி வழுக்கிக்கொண்டே போய், ஓரத்துக் கல்லில் மோதித்தான் நின்றிருக்கிறது.

"எவ்வளவு ஸ்பீடு தம்பி?"

"முப்பத்தஞ்சுதாண்ணே இருக்கும். பிரேக் கூட அழுத்திப் பிடிக்கலை. தொட்டேன், அவ்வளவுதான்."

"ஐஸ் கண்ணுக்குத் தெரியலையா?"

"தார் தெரிஞ்சுச்சுண்ணே. ஈரமா இருக்குன்னுதான் நினைச்சேன்."

அவன் சொன்ன இந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனி. காலையில் சீட்டைத் துடைத்துவிட்டுக் கிளம்புவோம், 8 மணிக்கு எல்லாம் போய்விடும். மலையில் விழுகிற வெள்ளைப் பனிக்கும் தமிழில் அதே பெயர்தான். அந்த வெள்ளைப் பனியாவது கண்ணுக்குத் தெரியும், பயந்து நிறுத்திவிடுவோம். ஆளைக் கொல்வது மூன்றாவது ஒன்று. ரோட்டில் ஓடிய தண்ணீர் ராத்திரியில் அப்படியே கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். வட இந்தியா போகிற பையன்கள் இதை 'பிளாக் ஐஸ்' என்கிறார்கள். உண்மையில் அதற்கு நிறமே இல்லை. அடியில் இருக்கும் தார் தெரிவதால் கறுப்பாகத் தெரிகிறது, பார்க்கிறவனுக்கு ஈர ரோடு போலவே இருக்கிறது. முன்னால் போகிற லாரியின் டயரைக் கவனித்தால் ஓர் அடையாளம் உண்டு. ரோடு ஈரமாக மின்னும், ஆனால் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்காது. அப்படிப் பார்த்தால் அது தண்ணீர் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அது கிடக்கும் இடங்களும் ஏறக்குறைய தெரிந்தவைதான். மலையின் நிழல் விழும் வளைவு. பாலத்தின் மேல்தளம், ஏனென்றால் அதற்கு அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் மற்ற ரோட்டுக்கு முன்னாலேயே உறைந்துவிடும். எல்லாவற்றையும்விட, ஓடைத் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடங்கள். மணாலி–லே பாதையில் 4,800 மீட்டருக்கு மேல் இருக்கும் பாரலாச்சா போன்ற கணவாய்களில், பகல் வெயிலில் பனி உருகித் தண்ணீர் ரோட்டில் ஓடும். சூரியன் இறங்கியதும் அது உறையும். கோடை மாதங்களிலும் காலையில் இது உண்டு.

நம் பழக்கம் நமக்கே எதிரியாவது இந்த இடத்தில்தான். நாம் வெயில் ஊர்க்காரர்கள். தூரப் பயணம் என்றால் விடியற்காலை 4 மணிக்கே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் போய்விட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். அந்த யோசனையை அப்படியே மலைக்குக் கொண்டுபோகிறார்கள். தேவகோட்டைப் பையனும் காலை 6 மணிக்கு முன்பே கிளம்பியிருக்கிறான். ஓடைகளில் காலையில் தண்ணீர் குறைவாக இருக்கும், சீக்கிரம் கடந்துவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். சொன்னது பொய்யில்லை. காலையில் ஓடையில் தண்ணீர் குறைவுதான். ஆனால் முந்தின நாள் ரோட்டில் பரவிய தண்ணீர் எங்கே போயிற்று என்பதை யாரும் சொல்லவில்லை. வெயில் ரோட்டில் விழுந்து, ஐஸ் உருகி, அந்த ஈரமும் வடிந்த பிறகு கிளம்புங்கள். வெயில் பட்ட உடனேயும் வேண்டாம். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி, உருகத் தொடங்கிய ஐஸ்தான் கடுங்குளிரில் இறுகிய ஐஸைவிட அதிகம் வழுக்கும். ஒரு நாள் கூடுதலாக ஆனால் ஆகட்டும்.

எவ்வளவு வழுக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. காய்ந்த தார் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சரியாக பிரேக் பிடித்தால் வண்டி 9, 10 மீட்டரில் நின்றுவிடும். ஐஸில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு அதில் ஏழில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அதே வேகத்தில் நிற்க 60 மீட்டருக்கு மேல் வேண்டும், அதுவும் வண்டி விழாமல் இருந்தால். நம் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறதல்லவா? முகப்பில் பிரேக் பிடித்தால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் தெருவில் போய் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வண்டியில் ஏபிஎஸ் இருக்கேண்ணே" என்பார்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம், நல்ல விஷயம். ஆனால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்? வளைவில் சாய்ந்திருக்கும்போது டயர் பக்கவாட்டில் வழுக்கினால், நம்மிடம் சாதாரணமாக இருக்கும் ஏபிஎஸ்ஸால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பில் இறங்குவது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். ஐஸில் சட்டென்று கியர் குறைத்து கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் அந்த நொடியே இழுத்துக்கொள்ளும். பிரேக்கே தொடாமல் விழுந்தவர்கள் இப்படித்தான் விழுந்திருப்பார்கள்.

தெரியாமல் ஐஸ் மேல் ஏறிவிட்டால் என்ன செய்வது? எதையும் சட்டென்று செய்யாதீர்கள். முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலேட்டரை மெதுவாக விடுங்கள், வண்டியை நேராக வையுங்கள், பார்வை தூரத்தில் இருக்கட்டும். வேகம் தானாகக் குறையும்வரை ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். தூரத்திலேயே ஐஸைப் பார்த்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவரை இறக்கி நடக்கவிட்டு, ஓரமாக, ஆள் நடக்கிற வேகத்தில் இரண்டு காலையும் ஊன்றியபடி நகருங்கள். பின்னால் லாரி வருகிற இடம் என்றால் அதுவும் வேண்டாம். விழுந்தவன் வழுக்கிக்கொண்டு போவது போலவே அந்த லாரிக்கும் பிரேக் பிடிக்காது.

கை விறைப்பதைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். காற்றே பூஜ்ஜியம் டிகிரி இருக்கும்போது 60 கிலோமீட்டரில் ஓட்டினால் உடம்பு உணர்வது ஏறக்குறைய மைனஸ் 9. பத்து நிமிஷத்தில் விரலுக்கு லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தொடுவதற்கும் அழுத்துவதற்கும் வித்தியாசம் தெரியாத விரலை வைத்துக்கொண்டு ஐஸில் பிரேக் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். நல்ல கையுறைக்குச் செலவு செய்யுங்கள். நம் ஊர் கடைகளில் கிடைக்கும் வலை வைத்த கையுறை அங்கே உதவாது.

வண்டி விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை ரேடியேட்டர். இங்கே வெயிலில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கும், எளிதில் உறையாத திரவம், குறைந்தால் பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. இங்கே தாங்கும். அங்கே ராத்திரி அந்தத் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். ரேடியேட்டரோ ஹோஸோ வெடித்துவிடும். அப்புறம் டயர். குளிரில் ரப்பர் விறைக்கும், பழைய டயர் இன்னும் விறைக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இல் 23ஆவது வாரம் தயாரானது. டயரின் மேல் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று பார்க்காமல் முதலில் அதைப் பாருங்கள். காற்றை தினமும் காலையில், ஓட்டுவதற்கு முன் அளந்துவிடுங்கள்.

ஊட்டிக்கும் இதெல்லாம் பொருந்தும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும். காலையில் அந்த வெள்ளைப் புல்லைப் படம் பிடிக்கத்தான் பையன்கள் இருட்டோடு வண்டியை எடுக்கிறார்கள்.

நம் ஊரிலேயே வழுக்காமல் இல்லை. தை மாதம் ரோட்டில் கதிர் போட்டிருப்பார்கள். ராத்திரிப் பனியில் நனைந்த வைக்கோல் மேல் பிரேக் பிடித்து விழுந்த வண்டிகள் ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னிடம் வருகின்றன. அதே மாதத்தில்தான் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போவார்கள். சிங்கம்புணரி, நத்தம் ரோட்டில் விடியற்காலை மூடுபனிக்குள் வரிசையாக ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் 60இல் போகிறவனை எனக்குப் பிடிக்காது, அதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன்.

தேவகோட்டைப் பையன் வண்டியை விற்கவில்லை. ஒடிந்த கிளட்ச் லீவரை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பட்டறையில் ஸ்பேனர் பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. மலைக்குப் போகிறோம் என்று வருகிறவர்கள் கையில் அதைத்தான் முதலில் கொடுக்கிறேன். இந்த வருஷம் போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து நிற்காதீர்கள். கூலன்ட் மாற்றி, டயர் பார்த்து, கேபிள் எல்லாம் கழற்றி எண்ணெய் விட்டு, இங்கேயே 200 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் கொண்டுவாருங்கள்.