மண்ணுக்குள் இருப்பது மங்குக் கம்பியா, குண்டா?

மலேசியாவின் சிலிம் ரிவர் பக்கம் தோட்டத்தில் மறுநடவுக்கு மண்வாரி இயந்திரம் இறங்கும்போதெல்லாம் எனக்கு 1942 ஜனவரி 7 நினைவுக்கு வரும். அன்று விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் சாலை வழியாக பிரிட்டிஷ் படையைப் பிளந்துகொண்டு வந்தன. இன்றைக்கும் நாட்டில் அவ்வப்போது போர்க்காலக் குண்டுகள் தலைகாட்டுகின்றன. அவற்றைக் கருவி வைத்துத் தேடுவது என் தொழில்.

போன மாதம் சாலையோர ஒட்டுக்கடையில் ஒரு தம்பி, ஆன்லைனில் வாங்கிய மெட்டல் டிடெக்டரைக் காட்டினார். "இதுல பார்த்துட்டுத்தாண்ணே தோண்டுறேன், பயமில்ல." பழைய இரும்புக்கு நல்ல விலையாம்.

அந்தக் கருவிக்கு உலோகம் இருப்பது மட்டும்தான் தெரியும். தோட்டத்து மண்ணில் உலோகத்துக்கா பஞ்சம்? ரப்பர் பால் பிடிக்கும் மங்கு கட்டிய கம்பி, தொழிலாளர் லயத்துத் தகரம், ஆணி. சில இடங்களில் செம்மண்ணே பொய்ச் சத்தம் கொடுக்கும்.

நாங்கள் கவனிப்பது, சமிக்ஞை எப்படி அடங்குகிறது என்பதை. கருவியின் சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால், புதைந்த உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து மெல்லத் தேயும். கம்பியிலும் தகரத்திலும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். கனத்த இரும்புச் சுவருள்ள குண்டிலோ மில்லி விநாடிக் கணக்கில் இழுக்கும். அப்புறம் வடிவம். மூன்று திசையிலும் காந்தப்புலம் செலுத்தினால், குண்டு நீளவாக்கில் ஒரு மாதிரியும் குறுக்கே இரு திசையிலும் ஒரே மாதிரியும் பதில் தரும். நசுங்கிய தகரத்தில் பெரும்பாலும் மூன்றும் மூன்று விதம்.

காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியும் உண்டு, இரும்புக்கு மட்டும். பூமியின் காந்தப்புலம் கிடையாக ஓடும் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நாம் இருப்பதால், புதைந்த இரும்புக்கு நேர் மேலே வரைபடம் பெரும்பாலும் மேடாக ஏறாமல் பள்ளமாக இறங்கும். குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் தோண்ட வேண்டிய இடத்தைக் காட்டும் கொடியைத் தள்ளி நட்டுவிடுவார்கள்.

இத்தனைக்கும் பிறகும் ஏமாறுவோம். ஒரு செம்பனைத் தோட்டத்தில் கனமாக, நீள உருளையாக ஒன்று தெரிந்தது. ஆட்களை விலக்கி, போலீஸ் வெடிகுண்டுப் பிரிவை வரவழைத்து, கையால் தோண்டினால் பழைய தள்ளுவண்டி அச்சு! "இதுக்கா சார் அரை நாள் வேலைய நிறுத்தினீங்க?" என்று வேலையாட்களை மேய்க்கும் தண்டல் சிரித்தார். ஆமாம், இதற்குத்தான். திரையில் அச்சும் குண்டும் ஒரே முகம். நாளைக்கு அதே கோடு வந்தாலும் நிறுத்துவேன்.

ஒட்டுக்கடைத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே, பிள்ளையின் சைக்கிளுக்குப் பக்கத்தில், துருப்பிடித்த உருளைகள் மூன்று. சில ஜப்பானியக் குண்டுகளில் பிக்ரிக் அமிலம் இருக்கும். அது உலோகத்தோடு சேர்ந்து உண்டாகும் உப்பு சின்ன அடியையும் தாங்காது. கருவியை நான் வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. வீட்டில் எல்லோரையும் வெளியே அழைத்து வந்து, சாலை முனையில் நின்றுகொண்டு அவசர எண் 999-ஐ அழைத்தேன்.