உரிக்கும் நாளை நினைத்து ஒட்டுங்கள்: வண்டி ராப்பிங்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பிளக்ஸ் கடை வைத்திருப்பவர்களும் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிறவர்களும் இப்போது நிறையப் பேர் வண்டி ராப்பிங்கில், அதாவது வண்டியின் பாடி மேல் பசை ஃபிலிம் ஒட்டும் வேலையில், இறங்குகிறார்கள். பிரிண்டிங் மெஷின் ஏற்கெனவே இருக்கிறது, சூடான காற்று அடிக்கும் ஹீட் கன்னும் ஃபிலிமை அழுத்தித் தேய்க்கும் ஸ்க்வீஜியும் வாங்கினால் போதும் என்று தோன்றுகிறது. ஒட்டி முடித்த அன்று எந்த வேலையும் பளிச்சென்றுதான் இருக்கும். உரிப்பதற்காக எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கதவு ஓரம் முழுக்க பிளேடு கோடு, அந்தக் கோட்டிலேயே துரு. பானட்டில் நகத்தளவு துண்டு துண்டாக உடைந்து வரும் ஃபிலிம். பெயின்ட்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும் பம்பர். இது எல்லாம் ஒட்டிய அன்றே தீர்மானமாகிவிட்ட விஷயம்.

முதலில் ஃபிலிம். கடையில் வெறுமனே "வினைல்" என்று கேட்டால் கையில் தருவது பெரும்பாலும் காலண்டர்டு ரகம். சூடான பி.வி.சி.யை உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்து எடுப்பது அது. அந்த இழுப்பு ஃபிலிமுக்குள்ளேயே தங்கியிருக்கும், வெயில் பட்டதும் சுருங்கப் பார்க்கும். ஓரங்களில் பசை கறுப்பாகத் தெரிவது இதனால்தான். காஸ்ட் ரகத்தைத் திரவமாக ஊற்றி, சூளையில் காயவைத்து எடுக்கிறார்கள். சுமார் 50 மைக்ரான்தான் தடிமன், வளைவுகளில் படிந்து உட்காரும். த்ரீஎம் ஐஜே180, ஆவெரி டென்னிசன் எம்பிஐ 1105 எல்லாம் இந்த ரகம். தட்டையான கன்டெய்னர் பாடியில் ஒரு வருட விளம்பரம் என்றால் நல்ல காலண்டர்டு தாராளமாகப் போதும். அதையே கார் பம்பரில் இழுத்து மடக்காதீர்கள். பிரிண்டுக்கு மேல் பாதுகாப்பாக ஒட்டும் லேமினேஷன் ஃபிலிமும் அதே ரகமாக இருக்கட்டும். காஸ்ட் மேல் காலண்டர்டு லேமினேஷன் போட்டால், மேலே இருப்பது சுருங்கும்போது கீழே இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

டிசைனைப் பொறுத்தவரை, நிஜ அளவில் 100 டிபிஐ (இன்ச்சுக்கு 100 புள்ளி) இருந்தாலே போதும். நாலு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக விடுங்கள். போன் நம்பரைக் கதவு இடுக்கிலோ கைப்பிடியிலோ கொண்டுபோய் வைக்காதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது பிரிண்ட் எடுத்த பிறகு நடக்கும் அவசரத்தைப் பற்றி. சால்வென்ட், ஈகோ சால்வென்ட் மை மெஷினிலிருந்து வெளியே வரும்போதே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இறங்கிய சால்வென்ட், அதாவது மையைக் கரைத்து வைத்திருக்கும் திரவம், வெளியேற நேரம் வேண்டும். குறைந்தது 24 மணி நேரம், அடர்ந்த கறுப்போ சிவப்போ நிறைய இருந்தால், அல்லது மழைக்காலம் என்றால், 48 மணி நேரம் விடுங்கள். ரோலை இறுக்கிச் சுற்றி மூலையில் சாய்த்து வைத்தால் அது காத்திருந்ததாகாது. தளர்வாகச் சுற்றி நிமிர்த்தி வையுங்கள், இல்லையென்றால் விரித்துத் தொங்கவிடுங்கள், காற்று நடுவே போக வேண்டும். அதற்கு முன் லேமினேட் செய்தால் சால்வென்ட் வெளியே போக வழியில்லாமல் பசைக்குள் இறங்கும். ஃபிலிம் ரப்பர் மாதிரி தொளதொளவென்று ஆகும், ஓரம் சுருளும், உரிக்கும்போது பசை முழுக்க வண்டியிலேயே தங்கிவிடும். "நாளைக்குத் திறப்பு விழா, இன்றே வண்டி வேண்டும்" என்று கேட்கிற வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லுங்கள். தண்ணீர் கலந்த மையை மெஷினுக்குள்ளேயே சூட்டில் காயவைக்கும் லேடெக்ஸ் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

வண்டியை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஈரம் தானாக ஆவியாகும் முன்பே இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு இடம் மாறியிருக்குமே தவிர போயிருக்காது. தின்னர் வேண்டவே வேண்டாம். கதவின் உள்மடிப்பு, வீல் ஆர்ச், கைப்பிடிக்கு அடியில் விரல் விட்டுத் துடையுங்கள், ஃபிலிம் முதலில் தூக்குவது அங்கேதான். எங்காவது டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். புது பெயின்ட் என்றால் ஒரு மாதமாவது ஆறட்டும். பட்டி பார்த்து அடித்த பெயின்ட் உரிக்கும்போது வரக்கூடும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ரேடியம் ஸ்டிக்கருக்கு சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டிப் பழகியவர்கள் ராப்பிலும் அதையே செய்யப் பார்ப்பார்கள். ராப் ஃபிலிமின் பசையில் காற்று வெளியேற நுண்ணிய வாய்க்கால்கள் இருக்கின்றன, தண்ணீர் விட்டால் அதில் தேங்கிவிடும். உலர்வாகவே ஒட்டுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் உடனே கை வைக்கவும் கூடாது. தகடு 35 டிகிரிக்கு மேல் சுட்டால் ஃபிலிம் தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, காலை நேரத்தில் தொடங்கினால் பாதி வேலை சுலபம்.

வேன் பாடியில் இருக்கும் பள்ளம்தான் புதியவரின் பரீட்சை. மேட்டிலிருந்து மேட்டுக்கு ஃபிலிமைப் பாலம் போல ஒட்டிவிட்டு, நடுவே ஓங்கி அழுத்திப் பள்ளத்துக்குள் தள்ளுகிறார்கள். அன்று உட்கார்ந்துவிடும். மறுநாள் மதிய வெயிலில் பள்ளம் முழுக்க கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும். முதலில் பாலமாக நிற்கும் பகுதியை ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்குங்கள், சுருக்கம் போய்த் தளர்ந்து வரும். பருத்திக் கையுறை போட்ட விரலால் பள்ளத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். எல்லாம் முடிந்த பின் அந்த இடத்தை 95 முதல் 100 டிகிரி வரை மறுபடி சூடாக்க வேண்டும், அப்போதுதான் காஸ்ட் ஃபிலிம் புதிய வடிவத்தை ஏற்கும். ஹீட் கன்னில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஃபிலிம் மேல் காட்டிப் பாருங்கள். அவ்வளவு பெரிய விலையும் இல்லை அது.

வெட்டுவதற்குப் பெயின்ட் மேல் பிளேடு வைக்காதீர்கள். பெயின்ட்டுக்கு மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் கீறினால் அந்த நேரம் தெரியாது, இரண்டு மழைக்காலம் போனால் துரு கோடு போட்டுக் காட்டும். நைஃப்லெஸ் டேப் என்று ஒன்று இருக்கிறது, உள்ளே இருக்கும் இழையை இழுத்தால் ஃபிலிமை மட்டும் வெட்டும். அதில் கை பழகுங்கள்.

சட்டத்தையும் நாம்தான் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். முழு வண்டியின் நிறமும் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேட்டு ஆர்.சி.யில் பதியச் சொல்லுங்கள். ஆலிவ் பச்சை பெயின்ட் ராணுவ வண்டிகளுக்கு மட்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 121. இது ஃபிலிம்தானே என்று அவர் ரோட்டில் நின்று வாதாட வேண்டாம். கண்ணாடியில் படம் கேட்டால் நாங்கள் மறுத்துவிடுகிறோம். 2012-லேயே உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை விதித்தது. சரக்கு வண்டியின் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று இருக்கும் ஒளிரும் டேப்பை டிசைனுக்காக மூடவே கூடாது. இருட்டில் நின்றுபோன லாரியைப் பின்னால் வருகிறவருக்குக் காட்டுவது அதுதான்.

வண்டியைக் கொடுக்கும்போது முதல் இரண்டு நாள் கழுவ வேண்டாம் என்றும், பிரஷர் வாட்டரை ஓரங்களில் கிட்டே வைத்து அடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நம் வெயிலில் பானட்டும் மேற்கூரையும் பக்கங்களைவிடச் சீக்கிரம் வெளுக்கும், அதையும் மறைக்காதீர்கள். அப்புறம் பில்லில் ஃபிலிம் பெயர், லேமினேஷன் பெயர், ஒட்டிய தேதி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். அதை உரிக்கப்போவது வேறு ஊர்க்காரராக இருக்கலாம், எவ்வளவு சூடு வைப்பது என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.